சின்ன ஊர்... பெரிய விமானம்!



விமானம் என்றதும் வானத்தை அண்ணாந்து பார்க்கிறீர்களா? இது பறக்கிற விமானம் இல்லை. கோயிலில் சுவாமி இருக்கும் கருவறைக்கு நேர் மேலே எழுப்புவதற்கும் விமானம் என்றுதான் பெயர். வாசலில் நிற்பது கோபுரம். சுவாமியின் தலைக்கு மேலே நிற்பது விமானம். இந்த வித்தியாசத்தை முதலில் மனதில் பதித்துக் கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வெள்ளகோவில். 2011-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி சுமார் 40 ஆயிரம் பேர் வாழும் ஊர். இங்கே உயரமாக என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், கோயில் கோபுரம், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரங்கள்... அவ்வளவுதான். தாராபுரம் பக்கம் போனால் காற்றாலைகள் சுழல்வதைப் பார்க்கலாம்.

எங்கள் ஊர் வழியாக ஒரு பெரிய சாலை போகிறது. 81-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. கோவையில் புறப்பட்டு, பல்லடம், காங்கயம், வெள்ளகோவில், கரூர், திருச்சி வழியாகச் சிதம்பரம் வரை போகும். இதே சாலையில் கிழக்கு நோக்கி 200 கிலோ மீட்டருக்கு மேல் போனால், ஜெயங்கொண்டத்தைத் தாண்டியதும் ஓர் அதிசயம் காத்திருக்கிறது!

அங்கே ஒரு சிற்றூர். சில தெருக்கள், டீக்கடைகள், வீடுகள், சுற்றிலும் வயல்கள். நடுவே, 53 மீட்டர் உயரத்துக்கு ஒரு கல் மலை போல எழுந்து நிற்கிறது ஒரு கோயில் விமானம். இன்றைய கட்டடக் கணக்கில் சுமார் 17 மாடி உயரம்! ஊரில் உள்ள வீடுகள் அதன் காலடியில் தீப்பெட்டி அடுக்கி வைத்தது போலத் தெரியும்.

அந்த ஊர்தான் கங்கைகொண்ட சோழபுரம். அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது.

நான் ஆசிரியராக இருந்தபோது, ஒரு முறை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே சுற்றுலா அழைத்துப் போனேன். எல்லாப் பிள்ளைகளும் வாயைப் பிளந்து விமானத்தைப் பார்த்தார்கள். ஒரு பையன் மட்டும் நாலா பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். இவ்வளவு பெரிய கோயில் இருக்கிறதே, இதற்கு உரிய ஊர் எங்கே என்று கேட்டான்.

நல்ல கேள்வி, இல்லையா? அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், அதைக் கட்டிய மனிதனின் கதையைச் சொல்ல வேண்டும். அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

உயரம் எங்கே வரும்?

பொதுவாகப் பெரிய நகரங்களில்தான் உயரமான கட்டடங்கள் இருக்கும். மக்கள் அதிகம், இடம் குறைவு. பக்கவாட்டில் கட்ட முடியாதபோது மேலே மேலே கட்டுகிறார்கள்.

ஆனால், உலகில் சில ஊர்கள் இந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. ஜெர்மனியில் உல்ம் என்று ஓர் ஊர். 1377-இல் அங்கே சுமார் 10 ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். அந்த ஊர் மக்கள் தங்கள் சொந்தப் பணத்தில் ஒரு மாபெரும் தேவாலயம் கட்டத் தொடங்கினர். அது முடிந்தது எப்போது தெரியுமா? 1890-இல்! உயரம் 161 மீட்டருக்கு மேல். 2025-இல் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரத் தேவாலயம் அதை முந்தும் வரை, உலகிலேயே உயரமான தேவாலயம் அதுதான்.

ஏமன் நாட்டுப் பாலைவனத்தில் ஷிபாம் என்ற சின்ன ஊர் இருக்கிறது. சில ஆயிரம் பேர்தான் வாழ்கிறார்கள். ஆனால், வெறும் மண் செங்கல்லால் கட்டிய பல மாடி வீடுகள் நெருக்கமாக வரிசைகட்டி நிற்கின்றன! வெள்ளத்துக்கும் பகைவருக்கும் பயந்து, ஒரே மதிலுக்குள் உயர உயரக் கட்டிக் கொண்டார்கள்.

உல்ம் நகரின் உயரத்துக்கு மக்களின் பக்தி காரணம். ஷிபாமின் உயரத்துக்கு அச்சம் காரணம். கங்கைகொண்ட சோழபுரத்தின் உயரத்துக்குக் காரணம் ஒரே ஒரு மனிதன். அவன் பெயர் ராஜேந்திர சோழன்.

பெரிய தந்தையின் பிள்ளை

ராஜேந்திரனின் தந்தை யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய மாமன்னன் ராஜராஜ சோழன். தாய் வானவன் மாதேவி. ஆடி மாதம் திருவாதிரை நட்சத்திரத்தில் பிறந்த குழந்தைக்கு முதலில் வைத்த பெயர் மதுராந்தகன். பட்டம் சூட்டிய பிறகுதான் ராஜேந்திரன் என்ற பெயர் வந்தது.

புகழ் பெற்ற அப்பாவுக்குப் பிள்ளையாகப் பிறப்பது சுலபம் இல்லை, குழந்தைகளே! எது செய்தாலும் அப்பாவோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள். ராஜேந்திரனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவன் இளவரசனாக இருந்தபோது, 1010-இல் தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிக்கப்பட்டது. அன்றைய இந்தியாவின் மிக உயரமான கட்டடங்களில் ஒன்று அது. அந்த நிழலில்தான் அவன் நடமாடினான்.

ஆனால், சும்மா இருக்கவில்லை. இளவரசனாக இருந்தபோதே வடக்கே சாளுக்கியர் மீது படை நடத்திச் சென்றான். 1012-இல் ராஜராஜன் மகனைத் தன்னோடு ஆட்சியில் சேர்த்துக் கொண்டான். 1014-இல் தந்தை மறைந்த பிறகு, ராஜேந்திரன் முழு அரசன் ஆனான். படிப்பிலும் சிறந்தவன், பண்டித சோழன் என்ற பட்டமும் அவனுக்கு உண்டு.

கங்கையும் கடாரமும்

ராஜேந்திரனின் படைகள் முதலில் தெற்கே போயின. 1017-இல் இலங்கை முழுவதும் சோழர் கைக்கு வந்தது. அந்த நாட்டு மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துச் சோழ நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அவன் திரும்பித் தன் ஊரைப் பார்க்கவே இல்லை. இங்கேயே இறந்து போனான்.

அடுத்து வடக்கு. ராஜேந்திரனின் தளபதி பெரும்படையோடு புறப்பட்டான். வேங்கி நாடு, கலிங்கம், வங்கம் என்று கடந்து, 1023 வாக்கில் கங்கைக்கரை வரை போய்ச் சேர்ந்தான். கங்கை நீரைக் குடங்களில் எடுத்துக் கொண்டு திரும்பினான். ராஜேந்திரன் கோதாவரிக் கரைக்கே சென்று அந்தப் படையை எதிர்கொண்டு வரவேற்றான். கங்கைகொண்டான் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

1025-இல் இன்னும் பெரிய துணிச்சல். சோழர் கப்பல்கள் வங்கக் கடலைத் தாண்டின. ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைமுகங்களைத் தாக்கின. இன்றைய மலேசியாவில் கெடா என்று ஒரு மாநிலம் இருக்கிறது அல்லவா? அதுதான் அன்றைய கடாரம். கடாரங்கொண்டான் என்ற பெயரும் சேர்ந்தது. யந்திரம் இல்லாத காலம். பாயில் காற்றைப் பிடித்துத்தான் கப்பல் ஓட வேண்டும். நினைத்துப் பாருங்கள்!

ஒன்றை மறக்க வேண்டாம். போரில் ஜெயித்தவர்களுக்குப் புகழ். தோற்ற ஊர்களில் அழுகை. வென்ற நாடுகளில் இருந்து எடுத்து வந்த சிற்பங்கள் சில, கங்கைகொண்ட சோழபுரத்திலும் பக்கத்து ஊர்களிலும் இன்றும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது இரண்டு பக்கத்தையும் நினைக்க வேண்டும்.

புதிய ஊர் பிறந்தது

இவ்வளவு வெற்றி பெற்ற மன்னன் தஞ்சையிலேயே சுகமாக இருந்திருக்கலாம். காவிரித் தண்ணீர் பாயும் பச்சைப் பசேல் பூமி அது. ஆனால், ராஜேந்திரன் தலைநகரையே மாற்றினான். கொள்ளிடம் ஆற்றுக்கு வடக்கே, மேட்டு நிலத்தில் புதிய நகரம் ஒன்றை எழுப்பினான். தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு. இரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான இடம். வடக்கே படை நடத்தவும் வசதி. கங்கையை வென்ற நினைவாகக் கங்கைகொண்ட சோழபுரம் என்று பெயர் வைத்தான்.

இராஜராஜன் பெருவழி, இராஜேந்திரன் பெருவழி என்று தெருக்களுக்குப் பெயர்கள் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அரண்மனை, கோட்டை மதில், கடைவீதி, படைவீடு என ஊர் விரிந்தது.

நடுவே கோயில். தரையில் சுமார் 100 அடிக்கு 100 அடி சதுரம். தஞ்சை விமானம் 13 நிலை. இது 9 நிலை. தஞ்சையை விட உயரம் சற்றுக் குறைவு. ஆனால், ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். தஞ்சை விமானத்தின் ஓரங்கள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல நேராக ஏறும். இங்கே ஓரங்கள் மெல்ல உள்வாங்கி, வளைந்து ஏறும். தஞ்சையில் கம்பீரம் என்றால், இங்கே நளினம். அப்பாவை உயரத்தில் முந்தாமல், அழகில் தனக்கென்று ஒரு வழி கண்டுகொண்டான் மகன்!

வடக்கு வாசல் பக்கம் ஒரு சிற்பம் இருக்கிறது. சிவபெருமான் தன் பக்தர் சண்டிகேசுவரருக்குத் தலையில் பூமாலை சூட்டும் காட்சி. பக்தர் கைகூப்பிக் குனிந்து அமர்ந்திருக்கிறார். அந்தப் பக்தரின் உருவில் ராஜேந்திரனே இருக்கிறான் என்று சிலர் நினைப்பதுண்டு. போனால் மறக்காமல் பாருங்கள்.

படுத்திருக்கும் தூண்

கோயிலை எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால், ராஜேந்திரன் அதைவிடப் பெரிதாக ஒன்று செய்தான். அது உயரமாக இல்லாததால் யார் கண்ணிலும் படுவதில்லை.

மழை பொய்த்தால் வாய்க்கால் தண்ணீருக்காகக் காத்துக் கிடக்கும் எங்கள் ஊர்க்காரர்களைக் கேளுங்கள், மேட்டு நிலத்தின் கஷ்டம் என்ன என்று சொல்வார்கள். கங்கைகொண்ட சோழபுரமும் மேட்டுக்காடுதான். காவிரித் தண்ணீர் தானாக அங்கே ஏறி வராது. புதிய தலைநகரில் வந்து குடியேறும் மக்களுக்கும், ஆடு மாடுகளுக்கும், வயலுக்கும் தண்ணீர் வேண்டுமே!

ராஜேந்திரன் கடல் போல ஓர் ஏரியை வெட்டினான். கங்கையில் இருந்து கொண்டு வந்த நீரை அதில் ஊற்றிச் சோழகங்கம் என்று பெயரிட்டான். 19-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று, அதன் கரை 16 மைல் நீளம் இருந்ததாகச் சொல்கிறது. அதாவது சுமார் 25 கிலோ மீட்டர்! எங்கள் ஊரில் இருந்து காங்கயம் போகிற தூரத்தை ஒரே கரையாக நினைத்துப் பாருங்கள். தெற்கே கொள்ளிடத்தில் இருந்து 60 மைலுக்கு மேல் நீண்ட ஒரு வாய்க்காலும், வடக்கே வெள்ளாற்றில் இருந்து இன்னொரு வாய்க்காலும் ஏரிக்குத் தண்ணீர் கொண்டு வந்தன.

பொதுவாக வெற்றி பெற்ற மன்னர்கள் கல்லில் வெற்றித் தூண் நடுவார்கள். இந்த ஏரியை, தண்ணீரால் ஆன வெற்றித் தூண் என்ற பொருளில் திருவாலங்காட்டுச் செப்பேடு வர்ணிக்கிறது. எவ்வளவு அழகான எண்ணம்! ஒரு தூண் கல்லால் ஆகி வானத்தை நோக்கி நிற்கிறது. இன்னொரு தூண் தண்ணீரால் ஆகிப் பூமியில் படுத்திருக்கிறது. நின்ற தூண் பார்ப்பவர் கண்ணுக்கு. படுத்த தூண் ஊரின் வயிற்றுக்கு.

1044-இல், காஞ்சிபுரம் பக்கம் உள்ள பிரம்மதேசம் என்ற ஊரில் ராஜேந்திரனின் உயிர் பிரிந்தது. அவனுக்குப் பின் மகன் ராஜாதிராஜன் ஆண்டான். அதன் பிறகும் பல சோழ மன்னர்களுக்கு அந்த ஊரே தலைநகர். ஏறத்தாழ 250 ஆண்டுகள்!

ஊர் எங்கே போனது?

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம்.

13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் கை ஓங்கியது. 1279-க்குப் பிறகு சோழ அரசே இல்லை. மன்னன் இல்லாத தலைநகரில் படைவீரர்களுக்கு என்ன வேலை? வியாபாரிகளுக்கு என்ன வேலை? ஒவ்வொருவராகப் போனார்கள். அரண்மனை செங்கல்லால் கட்டியது. இடிந்த பிறகு, செங்கற்களைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1980 முதல் பல முறை தோண்டிப் பார்த்தபோது அரண்மனையின் அடிச்சுவர்கள், கூரை ஓடுகள், சீன நாட்டுப் பாண்டங்களின் உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைத்தன. அந்த இடத்தின் பெயர் மாளிகைமேடு.

அங்கே சுற்றிலும் உள்ள ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள். கோட்டைக்கு உள்ளே இருந்த இடம் உட்கோட்டை. ஆயுதங்களை நினைவுபடுத்தும் ஊர் ஆயுதக்களம். மன்னனின் மெய்க்காவல் வீரர்களை நினைவுபடுத்துவது மெய்க்காவல்புத்தூர். சுண்ணாம்பை நினைவுபடுத்துவது சுண்ணாம்புக்குழி. நகரம் போய்விட்டது, பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன.

ஏரி? கவனிப்பார் இல்லாமல் கரை உடைந்து, வாய்க்கால் தூர்ந்து, 19-ஆம் நூற்றாண்டில் காடு மண்டிக் கிடந்தது. இன்று பொன்னேரி என்ற பெயரில் அதன் ஒரு பகுதி இருக்கிறது.

அடி வாங்கிய ஏழைகள்

கோயிலுக்கும் ஓர் ஆபத்து வந்தது. 1836-இல் ஆங்கிலேய அரசு கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டியது. வயலுக்குத் தண்ணீர் தரும் நல்ல வேலைதான். ஆனால், அதற்குக் கல் வேண்டுமே! இவ்வளவு பெரிய கோயில் பக்கத்தில் இருக்கும்போது மலையைத் தேடிப் போவானேன் என்று நினைத்துவிட்டார்கள். கோயிலின் சுற்று மதிலைப் பெயர்த்தார்கள். சிற்பங்கள் செதுக்கிய கற்களையும் எடுத்துப் போனார்கள்.

அப்போது ஓடி வந்து தடுத்தவர்கள் யார் தெரியுமா? மன்னர்கள் இல்லை. படை இல்லை. அந்தச் சின்ன ஊரின் ஏழை மக்கள்! தங்களால் முடிந்த மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். அரசை எதிர்த்ததாகச் சொல்லி அவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அரசு வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கு காப்பாற்றப்படவே இல்லை. அதே நூற்றாண்டில் வந்த ஒரு பத்திரிகைக் குறிப்பு இதை வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறது.

அந்த ஏழைகளின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ராஜேந்திரன் கட்டினான் என்று நாம் சொல்கிறோம். சரிதான். ஆனால், மதில் போனாலும் விமானம் தப்பி நின்றது. 2004-இல் யுனெஸ்கோ அமைப்பு இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமையில், அன்று ஓடி வந்து தடுத்தவர்களுக்கும் பங்கு உண்டு அல்லவா?

அந்தப் பையன் கேட்டானே, ஊர் எங்கே என்று? கோயிலுக்கு வெளியே கைக்குழந்தையோடு வெள்ளரிப் பிஞ்சு விற்றுக் கொண்டிருந்த அம்மாவைக் காட்டினேன். சைக்கிளில் பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகளைக் காட்டினேன். அவர்கள்தான் ஊர் என்றேன். எண்ணிக்கையில் சின்ன ஊர்தான். ஆனால், பெரியதைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஊர். பையன் தலையை ஆட்டினான். பிறகு அவனும் ஆசை தீர விமானத்தை அண்ணாந்து பார்த்தான்.

சரி குழந்தைகளே... உங்களுக்கு ஒரு வேலை! உங்கள் ஊரிலேயே உயரமானது எது? அதை யார், எப்போது கட்டினார்கள்? தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்ததாக, உங்கள் ஊரின் ஏரியோ குளமோ எங்கே இருக்கிறது, அதற்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்றும் கேட்டு எழுதுங்கள். முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் கிடைக்கும். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நடந்து போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கும். போய்ப் பாருங்கள் கண்ணுகளா!